குறியும் கருவியும்: திருகோணமலைத் துறைமுகம் உரைக்கும் வரலாறு

குறியை அறிந்த பின்னரே வில்லைத் தெரிய வேண்டும் என்பது காட்டு வேடனும் அறிந்த உண்மையாகும். குருவியை ஓட்டும் கவண்கல் யானைக்கு உதவாது. யானையை நோக்கி விடும் வேல் குருவிக்கு வேண்டியதன்று. ஒரு கருவி சிறந்ததா, தாழ்ந்ததா என்னும் வினாவுக்குத் தனித்த விடை இல்லை. எதற்குச் சிறந்தது என்று சேர்த்துக் கேட்டாலன்றி அவ்வினா பொருளற்றதாகிவிடும். இவ்வளவு எளிய உண்மையை வல்லரசுகள் பலமுறை மறந்தன என்பதற்கும், அம்மறதிக்காக அவை கொடுத்த விலை எவ்வளவு என்பதற்கும் திருகோணமலைத் துறைமுகம் ஒரு திறந்த ஏடாக விளங்குகின்றது.

அவ்வேட்டைப் புரட்டுமுன்னர், கருவியைத் தெரியும் கலை மிகத் தூய வடிவில் எங்கே காணப்படுகின்றது என்பதைச் சிறிது நோக்குதல் நன்று. அது போர்க்களத்தில் அன்று, விளையாட்டுக் களத்தில். கைத்துப்பாக்கியினாற் குறிபார்த்துச் சுடும் போட்டி, 1896ஆம் ஆண்டில் ஏதென்சு நகரில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக் விழாவிலேயே இடம்பெற்றது. வட்டத்துள் வட்டமாக வரைந்த ஒரு தாள். அதன் நடுவே கரிய வட்டம். அதற்கு எதிரே ஒரு கையை நீட்டி நிற்கும் ஒரு மனிதர். பகையும் இல்லை, குருதியும் இல்லை. ஆயினும் அம்மனிதர் தமக்குரிய கருவியைத் தெரியும் முறையில், ஒரு கோட்டையைக் கட்டுவோர் கற்க வேண்டிய பாடம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

அவர் கேட்கும் வினாக்கள் மூன்று. குறி எவ்வளவு தூரத்தில் உள்ளது? அதன் நடுவட்டம் எவ்வளவு பெரியது? எவ்வளவு நேரத்துள் எத்தனை முறை சுட வேண்டும்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னரே அவர் கடையிலுள்ள துப்பாக்கியைக் கையில் எடுக்கின்றார். பத்து மீற்றர் தூரத்தில் நிகழும் காற்றழுத்தக் கைத்துப்பாக்கிப் போட்டியில், பத்துப் புள்ளிக்குரிய நடுவட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீற்றர் மட்டுமே. ஐம்பது மீற்றர்ப் போட்டியில் அது 50 மில்லிமீற்றர். அமெரிக்க நாட்டில் வழங்கும் முறையில் 25 யாரிலும் 50 யாரிலும் குறி நிறுத்தப்படும். மெதுவாகச் சுடும் பகுதியில் பத்துச் சூடுகளுக்குப் பத்து நிமிடம் உண்டு. விரைந்து சுடும் பகுதியிலோ ஐந்து சூடுகளுக்குப் பத்து விநாடி மட்டுமே உண்டு.

மெதுவாகச் சுடுவதற்குரிய துப்பாக்கி, விரைந்து சுடுவதற்கு உதவுவதில்லை. ஐம்பது மீற்றர்ப் போட்டிக்கென அமைந்த துப்பாக்கியில் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு ரவையைத் தனித்தனியே இட வேண்டும். அதன் விசை காற்றுப் பட்டாலும் அசையுமோ என்று அஞ்சத்தக்க மென்மை உடையது. அதன் பிடி, சுடுபவரின் கையளவுக்கேற்பச் செதுக்கிய மரத்தால் ஆனது. அதனை எடுத்துக்கொண்டு நான்கு விநாடியில் ஐந்து குறிகளைச் சுட வேண்டிய போட்டிக்குச் செல்பவர், முதற் சூட்டோடு நின்றுவிடுவார். அவ்வாறே, பெருவாய்க் குழலும் பெரும் உதைப்பும் உடைய படைத்துறைத் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பழகத் தொடங்கும் புதியவர், குறியைப் பார்ப்பதை விடுத்து ஓசைக்கு அஞ்சிக் கண்ணை மூடக் கற்றுக்கொள்வார். ஆதலினாற்றான் 0.22 அங்குலக் குழலும் மெல்லிய உதைப்பும் உடைய துப்பாக்கியில் தொடங்குமாறு பயிற்றுநர் கூறுவர்.

இவற்றுள் ஒரு நுட்பம் தனித்து நோக்கத்தக்கது. துப்பாக்கியின் முனையில் முன்குறியும், பின்புறத்தில் பின்குறியும் உள்ளன. இரண்டுக்கும் இடையே 220 மில்லிமீற்றர் இருக்கும் ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். முன்குறி ஒரே ஒரு மில்லிமீற்றர் விலகினால், ஐம்பது மீற்றருக்கு அப்பால் ரவை ஏறக்குறைய 227 மில்லிமீற்றர் விலகி விழும். அஃதாவது, நடுவட்டத்தின் அகலத்தைப்போல் நான்கு மடங்குக்கும் மேலான பிழை. இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரம் கூடுந்தோறும் அப்பிழை குறையும். சிறு பிழையைப் பெரும் பிழையாக்குவது தூரம். அதனைக் கட்டுப்படுத்துவது குறிக்கோட்டின் நீளம். இந்த ஒரு விதியை மனத்திற் கொண்டால், பிற்காலத்திற் பீரங்கிகளை ஏன் குன்றின் உச்சியில் ஏற்றினர் என்பது தானே விளங்கும்.

கருவியைத் தெரிதல் என்பது தன்னை அறிதலும் ஆகும். அங்கேரி நாட்டுப் படைவீரரான கரோலி தக்காச்சு என்பவர், 1938ஆம் ஆண்டில் ஒரு பயிற்சியின்போது கைக்குண்டு வெடித்ததனால் வலக்கையை இழந்தார். அவர் சுடுங்கலையைக் கைவிடவில்லை, இடக்கையாற் கற்றார். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கிலும், 1952ஆம் ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கிலும் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியிற் பொற்பதக்கம் வென்றார். அதே இலண்டன் விழாவிலேயே இலங்கையின் டங்கன் வைற் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்று, நம் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொணர்ந்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது. இந்தியாவின் விசயகுமார் 2012இல் இலண்டனில் விரைவுக் கைத்துப்பாக்கியில் வெள்ளி வென்றார். மனு பாக்கர் என்னும் நங்கை, 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கிற் கருவி பழுதுற்று இடைநடுவே நேரத்தை இழந்து பின்தங்கினார். 2024இற் பாரிசு நகரிற் பதக்கம் வென்று அக்குறையைத் தீர்த்துக்கொண்டார். கை எத்துணைப் பயின்றதாயினும் கருவி துணைநிற்க வேண்டும் என்பதை இது காட்டுகின்றது.

ஆயினும் விளையாட்டுக் களத்துக்கும் போர்க் களத்துக்கும் இடையே ஒரு பெரும் வேற்றுமை உண்டு. தாளில் வரைந்த வட்டம், தன்னைச் சுட வந்தவரின் கையில் எத்தகைய துப்பாக்கி உள்ளது என்று பார்ப்பதில்லை. பார்த்து இடம்பெயர்வதும் இல்லை. பகைவனோ பார்க்கின்றான், பார்த்து வழியை மாற்றுகின்றான். திருகோணமலையின் நானூறு ஆண்டுக் கதை இந்த ஒரு வேற்றுமையிலிருந்தே பிறந்தது எனலாம்.

துறைமுகத்தின் அமைப்பை மனக்கண்ணிற் கொண்டு வருவோம். கிழக்கே வங்காள விரிகுடா. அதிலிருந்து மேற்கு நோக்கி உள்வாங்கிய கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை வந்து கலப்பது இக்குடாவிலேயே. குடாவின் வடபுறத்தே, குன்றுகள் காவல் செய்ய, ஒடுங்கிய வாயிலின் வழியே உள்நுழைந்தால் உட்டுறைமுகம். எக்காற்றுக்கும் அசையாத ஆழநீர் அது. இதற்கு வடகிழக்கே, தனித்த ஒரு முனையாகக் கடலுள் நீண்டு நிற்பது கோணமாமலை. அம்மலையில் நின்று பார்ப்பவருக்குத் திறந்த கடல் முழுவதும் தெரியும். ஆனால் துறைமுகத்தின் வாயில் அங்கிருந்து விலகித் தெற்கே கிடக்கின்றது. வாயிலைக் காக்க வேண்டுமாயின் அதன் அருகேயுள்ள மேட்டில் மற்றொரு காவல் வேண்டும். ஆகவே இயற்கையே இங்கு இரண்டு குறிகளை வைத்தது. அதனால் இரண்டு கோட்டைகள் எழுந்தன.

இத்துறைமுகத்தை அரசுகள் விரும்பியதற்குக் காரணம் காற்றே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று எழும்போது சோழமண்டலக் கரையிற் கப்பல்களுக்குப் புகலிடம் இல்லை. சென்னையில் அக்காலத்தில் இருந்தது திறந்த கடலே; நங்கூரம் அறுந்தாற் கப்பல் கரையில் மோதும். வங்காள விரிகுடாவின் மேற்குப் பகுதியிற் பெருங்கப்பற் படை ஒன்று அஞ்சாது தங்கத்தக்க இடம் திருகோணமலை ஒன்றே. இதனைக் கைப்பற்றியவர் பருவம் முழுவதும் களத்தில் நிற்பர். இழந்தவர் பம்பாய் வரை ஓட வேண்டும்.

முதலிற் கோட்டை கட்டியோர் போர்த்துக்கேயர். கோணமாமலையில் விளங்கிய கோணேசர் ஆலயத்தை 1622ஆம் ஆண்டில் இடித்து, அதன் கற்களைக்கொண்டே 1624ஆம் ஆண்டளவிற் கோட்டையை எழுப்பினர். இச்செயலை நடத்தியவர் தளபதி கொன்சுதந்தீனு த சா. அவர்கள் கருதிய குறி எது? 1620ஆம் ஆண்டிலேயே டென்மார்க்கு நாட்டவரின் கப்பல்கள் இங்கு வந்து சென்றன. கண்டி அரசன் கீழைக் கரைத் துறைகளின் வழியாகப் பிற ஐரோப்பியரோடு உறவு கொள்ளாதவாறு கதவை அடைப்பதே போர்த்துக்கேயரின் நோக்கம். ஆலயத்தை இழந்த மக்களின் உள்ளத்தில் எழுந்த பகை அவர்களின் கணக்கில் இடம்பெறவில்லை. பதினைந்தே ஆண்டுகளில், 1639இல், கண்டி அரசனோடு உடன்படிக்கை செய்துகொண்டு வந்த ஒல்லாந்தரிடம் அக்கோட்டை வீழ்ந்தது. அடைத்த கதவின் வழியாகவே புதியவர் வந்தனர்.

ஒல்லாந்தர் பின்னர்க் கோணமாமலைக் கோட்டையைத் திருத்தியமைத்ததோடு, துறைமுக வாயிலின் மேட்டில் ஒஸ்ரன்பேர்க்குக் கோட்டையையும் அமைத்தனர். கடலை நோக்கிய கருவி என்ற அளவில் அவை சிறந்தனவே. அக்காலப் பீரங்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. உருண்டைக் குண்டு குழலினும் சற்றுச் சிறியது. ஆதலின் குண்டு குழலுக்குள் இங்குமங்கும் தட்டுண்டு வெளிப்பட்டு, சில நூறு மீற்றருக்கு அப்பால் எங்கு செல்லும் என்று எவராலும் உறுதியாகக் கூற இயலாது. அலையில் ஆடும் கப்பலிலிருந்து சுடுவோர்க்கு இத்தொல்லை இரட்டிப்பாகும். அசையாத கல்மேடையில், உயரத்தில் நிற்கும் பீரங்கிக்கோ அது குறைவு. ஒரு கோட்டைப் பீரங்கி பல கப்பற் பீரங்கிகளுக்கு ஈடு என்று கடலோடிகள் அஞ்சியதும் இதனாலேயே.

அவ்வச்சமே அவர்களுக்கு வேறு வழியைக் காட்டிற்று. 1782ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஆங்கிலேயத் தளபதி எட்வேட் இயூசு வந்தார். அவர் கோட்டையின் கடல்முகத்தோடு பொருதவில்லை. படையைக் கரையில் இறக்கினார். கோணமாமலைக் கோட்டை எளிதில் வீழ்ந்தது. ஒஸ்ரன்பேர்க்குக் கோட்டைக்கு அருகே அதனினும் உயர்ந்த மேடு ஒன்று இருந்தது. அம்மேட்டைக் கைக்கொண்ட ஆங்கிலேயர், சனவரி 11ஆம் நாள் கோட்டையைத் தாக்கிப் பிடித்தனர். கடலைப் பார்த்து நின்ற பீரங்கிகள் முதுகுப்புறத்தே வந்தவர்களைக் காணவில்லை.

வென்றவர் தோற்றவரின் பிழையிலிருந்து கற்றிருக்கலாம், கற்கவில்லை. சிறு காவற்படை ஒன்றை விட்டு இயூசு சென்றார். அதே ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், பிரெஞ்சுத் தளபதி சவ்ரென் தம் கப்பற்படையோடு தோன்றினார். அவரும் படையைக் கரையிலேயே இறக்கினார். நிலப்புறத்தே பீரங்கி மேடைகளை அமைத்தார். சூடு தொடங்கிய மறுநாளே, 30ஆம் நாளன்று, கோணமாமலைக் கோட்டை சரணடைந்தது. 31ஆம் நாளன்று ஒஸ்ரன்பேர்க்கும் சரணடைந்தது. செப்டெம்பர் 2ஆம் நாள் மாலை உதவிக்கு விரைந்து வந்த இயூசு, கோட்டைகளின்மீது பிரெஞ்சுக் கொடி பறப்பதைக் கண்டார். மறுநாள் கடலில் நிகழ்ந்த கடும்போரில் இரு தரப்பாரும் பெரும் இழப்புற்றனர், முடிவு ஏற்படவில்லை. ஆயினும் துறைமுகத்தை இழந்த ஆங்கிலக் கப்பற்படை, பருவக்காற்றுக்கு அஞ்சிப் பம்பாய்க்குச் செல்ல நேர்ந்தது. எட்டு மாதத்துள் ஒரே துறைமுகம் ஒரே முறையில் இரண்டு முறை கைமாறியது.

சமாதானத்தின்பின் ஒல்லாந்தர் அதனைத் திரும்பப் பெற்றனர். 1795ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர், மீண்டும் நிலத்தில் இறங்கினர், மீண்டும் முற்றுகையிட்டனர். ஆகஸ்டு 26ஆம் நாள் ஒரு கோட்டையும், 31ஆம் நாள் மற்றையதும் பணிந்தன. 1802ஆம் ஆண்டு அமியென்சு உடன்படிக்கையால் இலங்கையின் கரையோரம் சட்டப்படி ஆங்கிலேயர்க்கு உரியதாயிற்று. மறு ஆண்டு கோணமாமலைக் கோட்டைக்கு, இயோக்குக் கோமகன் பிரெடரிக்கின் பெயர் இடப்பட்டது. இன்றும் அது பிரெடரிக் கோட்டை என்றே வழங்குகின்றது.

மூன்று முற்றுகைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். கோட்டையின் பீரங்கிகள் பயனற்றவை அல்ல. அவை கடலில் வந்த பகைவரைக் கடலிலிருந்து சுடவிடாது தடுத்தன. ஆனால் அவற்றின் வலிமை அங்கேயே முடிந்தது. காவலன் நிறுத்தும் கருவி, பகைவன் எந்த வழியாக வரமாட்டான் என்பதை மட்டுமே தீர்மானிக்கின்றது. எந்த வழியாக வருவான் என்பதைத் தீர்மானிப்பவன் பகைவனே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பீரங்கி முற்றாக மாறியது. குழலின் உட்புறத்தே சுருள்வரிகள் வெட்டப்பட்டன. குண்டு நீள்வடிவம் பெற்று, தன்னைத்தான் சுழன்றுகொண்டு நேராகச் சென்றது. சில நூறு மீற்றர் என்றிருந்த எல்லை, பல கிலோமீற்றர் என்று வளர்ந்தது. கடலோரக் காவலுக்குப் பிரித்தானியர் தெரிந்தெடுத்த பீரங்கிகளில் அம்மூன்று வினாக்களின் தெளிவு காணப்படுகின்றது. தொலைவில் வரும் கவசக் கப்பலுக்கு 380 இறாத்தற் குண்டை எறியும் 9.2 அங்குலப் பீரங்கி. அதனினும் இலேசான கப்பலுக்கு 100 இறாத்தற் குண்டை எறியும் 6 அங்குலப் பீரங்கி. இரவில் விரைந்து பாயும் தோப்பீடோப் படகுக்குச் சிறிய விரைவுப் பீரங்கி. தூரம், குறியின் பருமன், வேகம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கருவி. சுடுகளத்தில் நிற்கும் விளையாட்டு வீரரும் இதனை மெச்சுவார்.

குன்றின் உயரமும் இப்போது புதிய பயன் தந்தது. உயரத்தில் இருப்பவர் கப்பலின் நீர்மட்டத்தைத் தாழ்நோக்கும்போது உண்டாகும் கோணத்தை அளந்தால், தம் நிற்கை உயரம் தெரிந்திருப்பதால் கப்பலின் தூரத்தைக் கணித்துவிடலாம். நூறு மீற்றர் உயரத்திலிருந்து பார்த்தால், இரண்டு கிலோமீற்றர் தூரத்திலுள்ள கப்பலுக்கும் நான்கு கிலோமீற்றர் தூரத்திலுள்ள கப்பலுக்கும் இடையே கோண வேறுபாடு ஏறக்குறைய 1.4 பாகை. பத்து மீற்றர் உயரத்திலோ அது 0.14 பாகை மட்டுமே. கண் அதனைப் பிரித்தறிதல் கடினம். கைத்துப்பாக்கியில் இரு குறிகளின் இடைத்தூரம் செய்யும் வேலையைத் துறைமுகத்திற் குன்றின் உயரம் செய்தது. நீர்மட்டம் ஏறி இறங்கினாற் கணக்குப் பிசகும். ஆனால் திருகோணமலையிற் கடல் ஏற்றவிறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவாதலால் அத்தொல்லையும் சிறிதே.

இருபதாம் நூற்றாண்டில் கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியபோது, சீனக்குடாவில் 101 பெரும் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. துறைமுகத்தின் மதிப்பு பன்மடங்காயிற்று. ஒஸ்ரன்பேர்க்கு மேட்டிலும் சூழவுள்ள முனைகளிலும் புதிய பீரங்கிகள் கடலை நோக்கி நின்றன. அப்போது வந்தது 1942ஆம் ஆண்டு.

அவ்வாண்டு பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அங்குள்ள பீரங்கிகள் யாவும் கடலையே பார்த்தன, நிலத்தின் பக்கம் திரும்பவில்லை என்று மக்கள் இன்றும் பேசுவர். அது முழு உண்மையன்று. பல பீரங்கிகள் நிலப்பக்கம் திரும்பின; சுடவும் செய்தன. ஆனால் அவற்றுக்கென வைத்திருந்த குண்டுகளிற் பெரும்பாலானவை கப்பலின் கவசத்தைத் துளைப்பதற்கென அமைந்தவை. காலாட்படையின்மேல் விழுந்தபோது அவை மண்ணுள் ஆழப் புதைந்து வெடித்தன. பீரங்கி சரியாகவே நின்றது. குண்டுதான் வேறொரு குறிக்கு உரியதாயிருந்தது. கருவியைத் தெரிந்தவர் அதன் ரவையையும் தெரிய வேண்டும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின்பின், ஏப்ரல் 9ஆம் நாள் காலையில், நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் திருகோணமலைமீது தோன்றின. பகைவரின் கப்பல்கள் அடிவானத்துக்கும் மிக அப்பால் நின்றன. கடலோரப் பீரங்கிகளுக்குச் சுடுவதற்குக் குறியே இல்லை. துறைமுகத்தில் நின்ற எரெபசு என்னும் போர்க்கப்பலில், ஒரு குண்டே ஏறக்குறைய 1,900 இறாத்தல் நிறையுள்ள 15 அங்குலப் பீரங்கிகள் இருந்தன; வானத்திற் பறப்பதைத் தாக்க அவற்றால் ஆகவில்லை. போரைத் தாங்கியவை, சீனக்குடாத் தளத்திலிருந்து எழுந்த 261ஆம் பிரிவின் அரிக்கேன் விமானங்களும், விமான எதிர்ப்புப் பீரங்கிகளுமே. றேடார் என்னும் புதிய கண் வருமுன் உணர்த்தியது. எனினும் வந்தவர் தொகை பெரிது. தளம் சிதைந்தது, ஓர் எண்ணெய்த் தாங்கி பற்றியெரிந்தது, துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்னும் கப்பல் தீக்கிரையாயிற்று. நகர மக்கள் பலர் வீடுவாசலை விட்டு உள்ளூர்களுக்கு அகன்றனர்.

அன்றைய இழப்புகளுள் மிகக் கொடியது மட்டக்களப்புக் கடலில் நிகழ்ந்தது. தாக்குதல் வரும் என்று அறிந்து முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஏர்மிசு என்னும் கப்பலை, முற்பகலில் யப்பானிய விமானங்கள் கண்டன. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற்கப்பல் அது. ஆனால் அன்று அதன் மேற்றளத்தில் ஒரு விமானமும் இல்லை. வில் இருந்தது, அம்பு இல்லை. சிறிது நேரத்துள் அது மூழ்கிற்று. அதனோடு 307 பேர் மாண்டனர். துணைவந்த வம்பயர் என்னும் ஆசுத்திரேலியக் கப்பலும் மூழ்கிற்று. அவர்களுட் பலருக்கு வயது இருபதைச் சுற்றியே இருக்கும். கருவியைத் தெரிவதிற் பிழைசெய்வோர் ஒருவர். அப்பிழைக்கு விலை கொடுப்போர் வேறொருவர். சுடுகளத்திற் பிழைத்தவர் புள்ளியை இழப்பார். இங்கோ பிறர் உயிர் இழந்தனர். நிலாவெளி வீதியிலுள்ள போர்வீரர் மயானத்தின் கல்வரிசைகள் இவ்வேற்றுமையை வாய்திறவாது கூறுகின்றன.

அதனாற் கடலோரப் பீரங்கிகள் வீண் என்று கூறிவிடலாமா? நடுநிலையோடு நோக்கின் அவ்வாறு கூறுதல் பொருந்தாது. பகைவரின் பெருங்கப்பல் ஒன்றும் துறைமுக வாயிலை அணுகவில்லை. அணுகாதவாறு செய்தவற்றுள் அப்பீரங்கிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு முறையும் சுடாத பீரங்கி ஒரு வகையில் வென்றதேயாகும். ஆனால் அவ்வெற்றியை முழு வெற்றியென்று நம்பியவர் ஏமாந்தனர். 1782இல் நிலவழியைக் காட்டிய அதே வலிமை, 1942இல் வான்வழியைக் காட்டிற்று. பிரித்தானியாவே 1956ஆம் ஆண்டிற் கடலோரப் பீரங்கிப் படையைக் கலைத்துவிட்டது. 1957ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையின் கையில் வந்தது.

அதன்பின்னும் இம்மண் அமைதியாக உறங்கியதன்று. 1983ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை நீடித்த உள்நாட்டுப் போரில், மூதூரும் நகரும் சூழவுள்ள சிற்றூர்களும் பட்ட துன்பம் பெரிது. அங்கே எத்தனை துப்பாக்கிகள் குறிதவறின என்பதைவிட, எத்தனை துப்பாக்கிகள் குறியாகக்கூடாதவரைக் குறியாக்கின என்பதே வரலாற்றின் வினா. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாளோ கடலே பகையாக எழுந்தது. நானூறு ஆண்டுகளாகக் கடலை நோக்கி நின்ற காவல்மேடுகளுக்குக் கீழே, கிண்ணியாவிலும் மூதூரிலும் ஆழிப்பேரலை புகுந்தது. எப்பீரங்கியும் அதனைத் தடுத்திராது. வேண்டியிருந்த கருவி மிக எளியது: அலை வருமுன் எழும் ஓர் எச்சரிக்கை ஒலி. அது அன்று இல்லை. அதன்பின்னரே இந்து சமுத்திர நாடுகள் கூடி எச்சரிக்கை முறையொன்றை அமைத்தன. இலங்கைக் கரையோரத்திலும் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன.

இன்று பிரெடரிக் கோட்டையின் வாயிலுள் நுழைபவர் மரநிழலிற் புள்ளிமான்கள் மேய்வதைக் காண்பர். பழைய பீரங்கிகள் காட்சிப்பொருள்களாக நிற்கின்றன. சகாயிங் கப்பலின் உடைந்த உடல், ஏறக்குறைய எழுபத்தைந்து ஆண்டுகள் நீருட் கிடந்தபின், 2018ஆம் ஆண்டில் இலங்கைக் கடற்படையினரால் மேலே கொணரப்பட்டது. கோட்டைக்கு அப்பால், மலையுச்சியிற் கோணேசர் ஆலயம் மீண்டும் விளங்குகின்றது. 1950ஆம் ஆண்டிற் கிணறு தோண்டியபோது பழைய ஆலயத்துத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1963ஆம் ஆண்டிற் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஆலயத்தை இடித்துக் கோட்டை கட்டியோரும், அவர்க்குப்பின் வந்தோரும், அவர்க்கும் பின் வந்தோரும் சென்றுவிட்டனர்.

சுடுகளத்தில் நிற்கும் வீரர் கேட்கும் மூன்று வினாக்கள் நல்லன. அவற்றை மறத்தல் ஆகாது. ஆயினும் ஒரு துறைமுகத்தையோ நாட்டையோ காக்கப் புகுவோர் அவற்றோடு நான்காவது வினாவையும் கேட்டாக வேண்டும்: இக்கருவியைக் கண்டவன் அடுத்து எவ்வழியில் வருவான்? அவ்வினாவைக் கேளாமல் வாங்கிய பீரங்கி, எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், நேற்றைய பகைவனை நோக்கி நிற்கும் பீரங்கியே. திருகோணமலையின் குன்றுகள் நானூறு ஆண்டுகளாக உரைத்து வருவது இதுவே.